ஊட்டிக்கு எடுத்துப் போன கோட்டுகள்

டீக்கடை பெஞ்சில் அன்றைக்கு ஐந்து பேர் இருந்தோம். ஃபர்னஸ் மேஸ்திரி. என் அக்கா புருஷன். சூளூர்ப்பேட்டையிலிருந்து ரயிலில் வேலைக்கு வருகிற தெலுங்குக்காரர். இரும்பு வெட்டுகிற மெஷினில் நிற்கிற ஒருவர், அவர் அதிகம் பேச மாட்டார். நான்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் மில்லுக்கு எதிரே அந்தக் கடை. இரண்டாம் ஷிப்டு மதியம் இரண்டு மணிக்கு. நாங்கள் ஒன்றரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவோம். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, ரோலரில் விட்டுக் கம்பியாக இழுக்கிற மில் அது. ஐந்து பேரும் உலைப் பக்கம். ஒரே கேங்.

பேச்சு ஊட்டியைப் பற்றி. அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. சனி விஜயதசமி. அதற்கடுத்தது ஞாயிறு. மில் மூன்று நாள் மூடியிருக்கும். மேஸ்திரி ஐந்து பேருக்கும் போக வர ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். ஏன் ஊட்டி என்று அவரைக் கேட்டோம்.

“பதினோரு வருஷமா நெருப்பாண்ட நிக்கிறேன். ஒரு நாளாச்சும் குளிர்ல நின்னு பாக்கணும்” என்றார்.

அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

டிக்கெட் எடுத்த பிறகுதான் ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. ஐந்து பேரிடமும் இல்லை. எங்கள் ஊர்களில் மார்கழிக்குக்கூடத் துண்டு போதும். வாங்குவதா, அங்கே போய் வாடகைக்கு எடுப்பதா என்று பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சு மூன்று வாரம் ஓடியது. தினமும் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி வரை. சங்கு ஊதினால் எழுந்து போவோம். மறுநாள் விட்ட இடத்தில் தொடங்குவோம்.

எனக்கு அந்தப் பேச்சில் மனது நிற்கவில்லை. நான் டெம்பரரி. மற்ற நால்வரும் பர்மனென்ட். தீபாவளிக்கு முன்னால் இருநூற்று நாற்பது நாள் வேலை முடித்த டெம்பரரிகளை பர்மனென்ட் லிஸ்டில் சேர்ப்பதாக மானேஜர் சொல்லியிருந்தார். ஒரு நாள் குறைந்தாலும் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டைம் ஆபீசில் கேட்டு வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வரை இருநூற்று இருபத்தைந்து வரும். லீவு முடிந்து தீபாவளி வரை வேலை நாள் பதினைந்து. பதினைந்தும் வந்தாக வேண்டும். லீவு நாள் எங்களுக்குக் கணக்கில் கிடையாது.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம். என் சம்சாரம் கடம்பத்தூரில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். நான் கும்மிடிப்பூண்டியில் அக்கா வீட்டில். வேலை நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் கூட்டிப் போங்கள் என்று மாமனார் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போவேன். அவள் சோறு போடுவாள். சாயந்தரம் ரயிலேறிவிடுவேன். இதுவே வழக்கமாகிவிட்டது.

இந்த நிலையில் ஊட்டி எதற்கு என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் போக ஆசை இருந்தது. அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. நான் கடம்பத்தூருக்கும் பெரியபாளையத்துக்கும் மெட்ராசுக்கும் தவிர எங்கேயும் போனதில்லை.

ஒரு ஞாயிறு நானும் அக்கா புருஷனும் மூர் மார்க்கெட் போய்ப் பார்த்தோம். அந்த வாரம் கடம்பத்தூர் போகவில்லை. ஒரு கடைக்காரன் பழைய ஸ்வெட்டர்களைக் குவித்து வைத்திருந்தான். எல்லாம் ரசகற்பூர வாசனை. ஒன்றுக்கு முழங்கையில் ஓட்டை. ஒன்று வெள்ளைக்காரன் சைஸ், என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம். அக்கா புருஷன் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அந்த வெயிலில் கழற்ற முடியாமல் தலை மாட்டிக்கொண்டது. கடைக்காரனும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். வெளியே வந்ததும் வேண்டாம் என்றார். விலை கேட்கக்கூட இல்லை. பிறகு நான் கேட்டேன். ஒரு ஸ்வெட்டர் என் நாலு நாள் கூலி.

திங்கட்கிழமை பெஞ்சில் இதைச் சொன்னோம்.

தெலுங்குக்காரர் சொன்னார்: “ரெண்டு நாளைக்கு நாலு நாள் டப்பு. அப்புறம் அத்த எங்க போடறது நைனா? கும்மிடிப்பூண்டில போட்டுக்கினு போனா கல்லால அடிப்பான்.”

வாடகைக்கே எடுக்கலாம் என்பது அவர் கட்சி. ஊட்டியில் நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்று கேள்வி. மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. யார் யாரோ போட்டது, சொறி சிரங்கு இருக்கும் என்றார். அதோடு, முன்பணமும் கேட்பான், அஞ்சு பேருக்கு எங்கே போவது. வாங்கினால் நஷ்டம், எடுத்தால் அருவருப்பு. இப்படியே இரண்டு வாரம் போனது. எனக்கு எப்படியானாலும் சரி, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. ஒவ்வொரு நாளும் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைப்பேன். கேட்க வாய் வராது.

பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது மேஸ்திரி முடிவு சொன்னார்.

“வாங்கவும் வேணாம், எடுக்கவும் வேணாம். நம்ம கோட்டு இருக்குதில்ல?”

உலைப் பக்கம் நிற்கிறவர்களுக்கு மில்லில் ஒரு கோட்டு கொடுப்பார்கள். தடித்த கேன்வாஸ். உள்ளே கம்பளித் துண்டு வைத்துத் தைத்திருக்கும். முட்டி வரை வரும். முதுகில் வெள்ளை பெயிண்டில் நம்பர். என்னுடையது பதினேழு. வெயிலில் போட்டுக்கொண்டு நின்றால் தாங்க முடியாது. உலை வாயில் நின்றால் தாங்கலாம்.

“அவ்ளோ பெரிய சூட்டையே உள்ள உடாத கோட்டு. குளிர உடுமா?” என்றார் மேஸ்திரி.

எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. யாரும் மறுத்துப் பேசவில்லை. நாங்கள் ஐந்து பேரும் பிறந்ததிலிருந்து சூட்டோடுதான் பழகினவர்கள். குளிரைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்.

இரண்டு சங்கடம் இருந்தது. ஒன்று, கோட்டு கம்பெனி சொத்து. கேட்டைத் தாண்டினால் திருட்டு. வேலை போகும். ஸ்டோர்காரர் ஒவ்வொரு செவ்வாயும் எண்ணுவார். நாம் திங்கட்கிழமை ஷிப்டுக்கே வந்துவிடுவோம், அதனால் தெரியாது என்றார் மேஸ்திரி. மற்றது, பூஜை. ஆயுத பூஜைக்கு இடுக்கி, சுத்தியல், கோட்டு எல்லாவற்றையும் உலை முன்னால் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்போம். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகாமல் தொடக் கூடாது. வெள்ளி ராத்திரி ரயில். மறுபூஜை சனிக்கிழமை காலை.

அக்கா புருஷன் இதற்குத்தான் பயந்தார். கம்பெனிக்குப் பயப்படவில்லை.

மேஸ்திரி வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து முதலாளி கார் போனதும் இன்னொரு கற்பூரம் ஏற்றினார். கோட்டுகளுக்கு மட்டும் காட்டினார். “இது மறுபூஜ. ஆச்சி. எடுங்கடா” என்றார். பொரி மூட்டைகளின் அடியில் வைத்து வெளியே கொண்டுபோனோம். கேட்டில் வாட்ச்மேன் ஒரு பை பொரி வாங்கிக்கொண்டு கும்பிட்டார்.

சென்ட்ரல் போய் ரயிலேறினோம். காலையில் மேட்டுப்பாளையம். அங்கே சின்ன ரயில். குன்னூர் தாண்டினதும் காற்று மாறியது. ஐந்து பேரும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டோம். வண்டியில் இருந்த ஜனம் எல்லாம் எங்களையே பார்த்தது. நெஞ்சில் சந்தனப் பொட்டு, குங்குமம், முதுகில் நம்பர். ஒரு பெரிய மனுஷர் எந்த ஜெயிலிலிருந்து வருகிறீர்கள் என்று தெலுங்குக்காரரைக் கேட்டார். கும்மிடிப்பூண்டி என்றார் இவர்.

மதியம் ஊட்டி. வெயில் இருந்தது. கோட்டு கதகதப்பாக இருந்தது. மேஸ்திரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மில் அவருடையது மாதிரி நடந்தார்.

நாலு மணிக்கு மேல் பனி இறங்கியது. மழை இல்லை, புகை மாதிரி. அந்தக் கேன்வாஸ் அதை உறிஞ்சியது. அரை மணியில் கோட்டு ஈரப்பலகை மாதிரி ஆகிவிட்டது. நெருப்புப் பொறி பட்டுப் பட்டு அதில் நூறு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு ஊசியாகக் குளிர் உள்ளே வந்தது. குங்குமம் கரைந்து வயிறு வரை சிவப்பாக ஒழுகியது. அக்கா புருஷன் பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மேஸ்திரி உதடு நீலம்.

வெட்டு மெஷின்காரர்தான் பேசினார். அந்த மூன்று வாரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு.

“வாடகைக்கு எடுத்துக்கலாம்.”

மார்க்கெட் பக்கம் ஒரு பாய் கம்பளிக் கடை வைத்திருந்தார். வாடகை கட்டுப்படியானது. முன்பணம்தான் இல்லை. பதிலுக்கு ஏதாவது பொருள் வைத்துவிட்டுப் போங்கள் என்றார். எங்களிடம் என்ன பொருள் இருக்கிறது. மேஸ்திரி கோட்டைக் கழற்றிக் கல்லா மேல் வைத்தார். நாங்களும் வைத்தோம். சீட்டில் கையெழுத்து வேண்டும். மேஸ்திரி கைநாட்டு. மற்றவர்கள் குளிரில் விரலை மடக்க முடியாமல் நின்றார்கள். என்னை முன்னால் தள்ளினார்கள். ஐந்தாவது வரை படித்தவன். ஐந்து கோட்டுக்கும் ஐந்து ஸ்வெட்டருக்கும் நானே கையெழுத்துப் போட்டேன். சீட்டில் பெயர் உள்ளவரிடம்தான் பொருளைத் திருப்பிக் கொடுப்பேன் என்றார் பாய். நாளைக்கு ஞாயிறு, பன்னிரண்டு மணிக்குக் கடை சாத்திவிட்டு மேட்டுப்பாளையம் கல்யாணத்துக்குப் போகிறேன், அதற்குள் வந்துவிடுங்கள் என்றும் சொன்னார். ஐந்து பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

ஸ்வெட்டர் போட்டதும் உயிர் வந்தது. சொறி சிரங்கை யாரும் பேசவில்லை.

ஞாயிறு காலை எழுந்ததும் கோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றேன். இப்பவே ஸ்வெட்டரைக் கழற்றினால் சாயந்தரம் வரைக்கும் எதைப் போடுவது என்றார்கள். அதுவும் சரிதான். சின்ன ரயில் மூன்று மணிக்கு. பதினொன்றரைக்குப் போனால் போதும் என்றார் மேஸ்திரி. நாஷ்டா ஆனது. பூங்கா பார்த்தோம். நான் எதையும் பார்க்கவில்லை. கைக்கடிகாரம் மேஸ்திரியிடம் மட்டும் இருந்தது. அவர் கையையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

“இன்னா மச்சான், பூவ பாக்காம அவரு கைய பாத்துக்கினு வர்ற? மோதரமா போடப் போற?” என்றார் அக்கா புருஷன்.

பத்தேமுக்காலுக்கு ஏரிக்கு வந்தோம். படகு ஓட்ட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். ஆள் வைத்தால் அதிகம், நாமே துடுப்புப் போடலாம் என்றார் தெலுங்குக்காரர். இருபது கிலோ இரும்பை இடுக்கியில் தூக்குகிற கை, இதெல்லாம் என்ன என்று ஏறினோம். நான் கரையில் நிற்கிறேன் என்றேன். சட்டையைப் பிடித்து ஏற்றினார்கள்.

அது நேராகப் போகவில்லை. அக்கா புருஷன் ஒரு பக்கம், தெலுங்குக்காரர் ஒரு பக்கம். இரண்டு பேரும் முழு பலத்தோடு இழுத்தார்கள். படகு வட்டம் போட்டது. ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். அப்படியே காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரைக் கோரையில் செருகியது. துடுப்பை ஊன்றித் தள்ளினோம். சேறு. மணி கேட்டேன். பதினொன்றரை. மறுபடியும் கேட்டேன். பதினொன்று நாற்பது.

“சும்மா பேஜாரு பண்ணாத. போயிடலாம்” என்றார் மேஸ்திரி.

நான் இறங்கி நடந்தே போய்விடப் பார்த்தேன். ஒரு கால் வைத்ததும் தொடை வரை உள்ளே போனது. இழுத்துப் போட்டார்கள். ஏரியைப் பார்த்துக்கொண்டு ஈரக் காலோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் படகுகளில் ஜனம் சிரித்துக்கொண்டு போனது. கடைசியில் படகுக்காரன் ஒருவன் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். கரைக்கு வந்தபோது பன்னிரண்டே கால்.

ஓடினோம். கடை சாத்தியிருந்தது. இரண்டு பூட்டு. பக்கத்துக் கடையில் கேட்டோம். பாய் இப்போதுதான் பஸ் ஏறினார், நாளைக் காலை வந்துவிடுவார் என்றார்கள்.

கடை வாசலில் ஐந்து பேரும் நின்றோம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கணக்கு எல்லோருக்கும் தெரியும். செவ்வாய் மதியம் ஸ்டோர்காரர் எண்ணும்போது ஐந்து கோட்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்து பேருக்கும் வேலை இல்லை. அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். சீட்டில் என் பெயர். நான் தங்கினால் திங்கட்கிழமை ஷிப்டு போகும். பதினைந்தில் ஒன்று போகும்.

“நான் இருக்கறேன். நீ போ” என்றார் அக்கா புருஷன்.

“உங்ககிட்ட குடுக்க மாட்டாரு மாமா” என்றேன்.

மேஸ்திரி என் டோக்கனைக் கேட்டார். ஷிப்டுக்குப் போகும்போது டைம் ஆபீஸ் பெட்டியில் போடுகிற பித்தளை வில்லை. அதை அவர் போட்டுவிட்டால் நான் வந்த மாதிரி ஆகிவிடும். கொடுத்தேன். இரண்டேமுக்காலுக்கு அவர்களை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். அவரவர் ஸ்வெட்டரைக் கழற்றி, பையில் மிஞ்சின காசோடு என் கையில் கொடுத்தார்கள். வெறும் சட்டையோடு ஏறினார்கள். மேஸ்திரி ஜன்னலில் தலையை நீட்டினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். வண்டி வளைவில் மறைகிற வரை தலையை உள்ளே இழுக்கவில்லை.

அன்று ராத்திரி, முந்தின நாள் எல்லோரும் தங்கின சத்திரத்திலேயே, ஐந்து ஸ்வெட்டரையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்தேன். தூக்கம் இல்லை.

திங்கள் காலை ஆறு மணிக்கே கடை வாசலுக்குப் போய்விட்டேன். பாய் வந்தது பத்து மணிக்கு. கோட்டுகளைக் கொடியில் போட்டு, அடியில் கரி அடுப்பு வைத்துக் காய வைத்திருந்தார். அதற்குக் காசு கேட்கவில்லை. ஒரு நாள் வாடகை மட்டும் கூடுதலாக வாங்கினார்.

“இது எதுக்குப் போடற கோட்டு?” என்று கேட்டார்.

“நெருப்புக்கு.”

அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ரயில் மூன்று மணிக்கு. ஐந்து மணி நேரம் இருந்தது. ஊட்டியைச் சுற்றிப் பார்த்திருக்கலாம். நான் ஐந்து கோட்டையும் கட்டி பிளாட்பாரத்தில் வைத்துவிட்டு, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு அங்கே சங்கு ஊதும். கோட்டு இல்லாமல் யார் இடுக்கி பிடிக்கிறார்களோ. டோக்கன் விழுந்ததோ இல்லையோ. தண்டவாளத்தை எட்டி எட்டிப் பார்த்தேன். பார்த்தால் ரயில் சீக்கிரம் வருமா.

செவ்வாய் காலை மெட்ராஸ் வந்து, கும்மிடிப்பூண்டி வரும்போது பதினொரு மணி. மில்லின் பின்பக்கச் சுவர் ஓரம் அக்கா புருஷன் காத்திருந்தார். உள்ளே முதல் ஷிப்டில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர். கோட்டுகளைச் சுவருக்கு மேலே வீசினோம். மூன்று மணிக்கு ஸ்டோர்காரர் வந்து எண்ணினார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மேஸ்திரி என்னிடம் வந்து கையை நீட்டினார். உள்ளங்கையில் என் டோக்கன். பண்டிகைக்கு மறுநாள் பாதிப்பேர் வர மாட்டார்கள் என்று டைம் கீப்பர் பெட்டி பக்கத்தில் நின்று தலை எண்ணினாராம். போட முடியவில்லை. நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

“நான்தான் படகுல ஏறச் சொன்னது” என்றார்.

“உடுங்க மேஸ்திரி” என்றேன்.

அதற்குப் பிறகு பெஞ்சில் பேச்சு குறைந்தது. நான் உட்காருவதே இல்லை. டீயை நின்றே குடித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். கடம்பத்தூர் போனேன். சம்சாரம் ஊட்டி எப்படி இருந்தது என்று கேட்டாள். குளிர் என்றேன். நாள் குறைந்ததைச் சொல்லவில்லை. மாமனார் தீபாவளிக்குள் தெரிந்துவிடுமா என்று கேட்டார். தெரிந்துவிடும் என்றேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்கு மேஸ்திரி ஒரு வேலையைக் கிளப்பினார். உலைப் புகைக்குழாயில் கரி அடைத்திருக்கிறது, ஞாயிறு சுத்தம் பண்ணாவிட்டால் செங்கல் விழும் என்று மானேஜரிடம் சொன்னார். அது உண்மையா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மில் திறக்க வேண்டுமானால் முழு கேங் வர வேண்டும். ஐந்து பேர். பர்மனென்டுக்கு ஞாயிறு வேலைக்கு இரட்டைக் கூலி தர வேண்டும், அதனால் மானேஜர் யோசித்தார். எங்களுக்குக் கூலி வேண்டாம் என்று நாலு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். தெலுங்குக்காரருக்கு அன்றைக்கு ஊரில் மச்சினிக்கு நிச்சயதார்த்தம். வந்துவிட்டார். வெட்டு மெஷின்காரர் எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டில் நின்றிருந்தார்.

காலையிலிருந்து சாயந்தரம் வரை குழாய்க்குள் நின்று கரியைச் சுரண்டினோம். கண் மட்டும்தான் வெள்ளை.

ஞாயிறு செய்த வேலை நாள் கணக்கில் சேருமா என்று டைம் ஆபீஸ் கிளார்க்குக்குத் தெரியவில்லை. மானேஜரைக் கேட்கிறேன் என்றார். திங்கள் கேட்டேன். கேட்கவில்லை என்றார். செவ்வாய் கேட்டேன். மானேஜர் மெட்ராஸ் போயிருக்கிறார் என்றார். இரண்டு நாளும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை. மறுநாள் தீபாவளி. மானேஜர் திரும்பி வந்துவிட்டார். ஷிப்டு முடிகிற நேரத்தில் டைம் ஆபீசிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். கதவுக்கு வெளியே அவர்கள் நாலு பேரும் வந்து நின்றார்கள். கிளார்க் ரெஜிஸ்டரை விரித்து, ஸ்கேலை வைத்து, ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டு வந்தார். ஒரு தடவை எண்ணி முடித்துக் காகிதத்தில் எழுதினார். காட்டவில்லை. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அவர் ஸ்கேலை எடுத்துவிட்டுத் தலையைத் தூக்காமல் சொன்னார்.

இருநூற்று நாற்பது.